பெயருக்கு விலை, பந்துக்கு விலை: மலிவு கோல்ஃப் பந்தின் எழுச்சியும் ராஜபாளையம் வட்டாரத்தின் சான்றுகளும்

1. வழக்கமான விடை

கோல்ஃப் பந்து விற்கப்படும் முறை 2012ஆம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிதும் மாறியிருக்கிறது. முன்னணி நிறுவனத்தின் பந்து ஒரு டஜன் ஏறத்தாழ 50 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, அதே கட்டமைப்பும் ஏறக்குறைய அதே ஆட்டத்திறனும் கொண்ட பந்தை அதில் மூன்றில் இரு பங்கு விலைக்கும், சில வேளைகளில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் வாங்க முடியும் என்ற நிலை உருவானது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இரண்டு வழக்கறிஞர்கள் 2012இல் தொடங்கிய வைஸ் கோல்ஃப், கடைகளைத் தவிர்த்து இணையத்தின் வழியே பந்துகளை விற்றது. டைட்டிலிஸ்ட், டெய்லர்மேட் ஆகிய பெருநிறுவனங்களில் பந்து வடிவமைப்பாளராகப் பணியாற்றிய டீன் ஸ்னெல் 2015இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கி அதே வழியைப் பின்பற்றினார். 2016இன் இறுதியில் காஸ்ட்கோ என்னும் மொத்த விற்பனைக் கடைத்தொடர், கிர்க்லண்ட் சிக்னேச்சர் என்ற தன் சொந்தப் பெயரில் 24 பந்துகளை 29.99 டாலருக்கு விற்கத் தொடங்கியதும், அதுவரை ஆட்டக்காரர்களின் பேச்சாக மட்டுமே இருந்த விலைக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது.

இந்த எழுச்சியைப் பற்றிய வணிக எழுத்துகள் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைத் தருகின்றன. உற்பத்தியாளருக்கும் வாங்குபவருக்கும் இடையே நின்ற மொத்த வணிகரும் மைதானக் கடைக்காரரும் விலகியதால், அவர்களுக்குச் சென்ற பங்கு விலையிலிருந்து கழிந்தது என்பதே அவ்விளக்கம். நேரடி விற்பனை, அதாவது கடையின் துணையின்றி நுகர்வோரிடமே பண்டத்தைக் கொண்டு சேர்க்கும் முறை, இயல்பாகவே மலிவானது என்ற பொதுக்கருத்துக்கும் இதுவே அடிப்படை. இக்கட்டுரை அவ்விடையை ஏற்கத் தயங்குகிறது. இடைத்தரகர் விலகுவது விலைக் குறைப்பின் ஒரு கூறே தவிர அதன் காரணம் அன்று என்பதும், பெயரில்லாத பண்டம் பெயர்பெற்ற பண்டத்தோடு போட்டியிட முடியுமா என்பதை அப்பண்டத்தின் தரத்தை யார், எப்படி அளக்கிறார்கள் என்பதே முடிவு செய்கிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் ஏற்ற இடமாக அமைகிறது. இங்கு கோல்ஃப் பந்து செய்யப்படுவதில்லை. ஆனால் செய்பவரின் பெயர் தெரியாமல் நாடெங்கும் விற்கும் பண்டங்களால் வாழும் ஊர்கள் இங்கே நெருங்கி அமைந்திருக்கின்றன. சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தின் நைட்டி, சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும், ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா ஆகிய யாவும் பெயருக்கும் பண்டத்துக்கும் இடையிலான விலை வேறுபாட்டை, கோல்ஃப் பந்து அதைச் சந்திப்பதற்கு முன்பிருந்தே அறிந்தவை.

2. பந்தின் உள்ளே

ஒரு கோல்ஃப் பந்தை இரண்டாக அறுத்துப் பார்த்தால் அதன் விலையின் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்பது ஓரளவு புலப்படும். நடுவில் பாலிபியூட்டடையீன் எனப்படும் செயற்கை ரப்பரால் ஆன உருண்டை இருக்கிறது. அடியின் விசையை வேகமாக மாற்றுவது அதன் வேலை. அதன்மேல் அயனோமர் என்னும் கடினமான பிளாஸ்டிக் வகையால் ஆன மெல்லிய உறை. அதற்கும் மேலே, குழிகள் பதித்த வெளித்தோல். இந்த வெளித்தோல் யூரித்தேனால் ஆனதா, கடினமான அயனோமராலேயே ஆனதா என்பதுதான் விலையுயர்ந்த பந்தையும் மலிவுப் பந்தையும் நெடுங்காலம் பிரித்துவைத்தது. யூரித்தேன் மென்மையானது, குறுந்தொலைவு அடியில் மட்டையின் முகப்புக் கோடுகள் அதைக் கவ்விப் பிடிப்பதால் பந்து பின்னோக்கிச் சுழன்று, விழுந்த இடத்துக்கு அருகிலேயே நின்றுவிடும். அயனோமர் தோல் கொண்ட பந்து தொலைவாகச் செல்லும், நீடித்து உழைக்கும், ஆனால் விழுந்த பின் உருண்டோடிவிடும்.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் லாஸ் வேகஸ் போட்டியொன்றில் டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 பந்து அறிமுகமாகும் வரை, தொழில்முறை ஆட்டக்காரர்கள் ரப்பர் இழையைச் சுற்றிச்சுற்றிச் செய்த பழைய பாணிப் பந்தையே விரும்பினர். திண்ம ரப்பர் உருண்டையையும் யூரித்தேன் தோலையும் இணைத்த புதிய பந்து ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பழைய பந்தை வழக்கொழியச் செய்தது. அக்கட்டமைப்பின் காப்புரிமை யாருடையது என்பதில் தொடக்கத்திலிருந்தே தெளிவில்லை என்பது இங்கு முக்கியமானது. ஸ்பால்டிங் நிறுவனத்திடமிருந்து வந்த காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த காலவே நிறுவனம், டைட்டிலிஸ்டின் உரிமையாளரான அகுஷ்நெட் மீது 2006இல் வழக்குத் தொடுத்தது. முதலில் காலவேக்குச் சாதகமாகச் சென்ற அந்த வழக்கில், 2010இல் நடுவர் குழு அக்காப்புரிமைகள் செல்லாதவை என்று முடிவு செய்தது. பல அடுக்குப் பந்தும் யூரித்தேன் தோலும் எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுடைமை ஆகாது என்ற நிலைக்கு அது வழி திறந்தது. தொண்ணூறுகளில் பதிவு செய்யப்பட்ட பிற காப்புரிமைகள் இருபதாண்டுக் காலம் முடிந்து ஒவ்வொன்றாகக் காலாவதியாகத் தொடங்கிய ஆண்டுகளும், மலிவுப் பந்துகள் தலையெடுத்த ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே. இது தற்செயல் என்று கொள்வதற்கு இடமில்லை.

புதிய நிறுவனங்கள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஆலை கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அகுஷ்நெட் மாசசூசெட்ஸிலும் தாய்லாந்திலும் தன் சொந்த ஆலைகளில் பந்து செய்கிறது. புதியவர்களோ தென்கொரியா, தைவான், சீனா ஆகிய நாடுகளின் ஒப்பந்த ஆலைகளுக்கு வேலை கொடுக்கிறார்கள். அந்த ஆலைகள் பல்லாண்டுகளாகப் பெருநிறுவனங்களுக்கு வேலை செய்து கைப்பழக்கமும் அச்சுகளும் சேர்த்துவைத்தவை. இயந்திரம் சும்மா நிற்கும் மாதங்களில் யாருக்கு வேண்டுமானாலும் பந்து வார்த்துத் தருவது அவற்றுக்கு ஆதாயமே. எனவே மலிவுப் பந்தின் பின்னே இருப்பவை பொதுவாகிவிட்ட தொழில்நுட்பமும் வேறொருவர் முதலிட்டு நிறுவிய ஆலைத்திறனும் ஆகும். இணையக் கடை இவ்விரண்டுக்கும் பிறகே வருகிறது.

மலிவுப் பந்து இவ்விளையாட்டுக்குப் புதிதும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இறகை அடைத்துத் தைத்த தோல் பந்தை ஒரு கைவினைஞர் நாளொன்றுக்கு மூன்று நான்குக்கு மேல் செய்ய முடிந்ததில்லை. 1848இல் மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் பந்து உருட்டும் முறை வந்தபோது, செயின்ட் ஆண்ட்ரூஸில் இறகுப் பந்து செய்துவந்த ஆலன் ராபர்ட்சன் அதைக் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் வேலை செய்த டாம் மாரிஸ் புதிய பந்தில் ஆடியதால் இருவரும் பிரிந்தனர் என்பது கோல்ஃப் வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படும் செய்தி. அம்முறை விலையைக் குறைத்தது புதிய பொருள். விற்பனை வழியில் எந்த மாற்றமும் இல்லாமலே அது நடந்தது.

3. காஸ்ட்கோ வழக்கு காட்டுவது

இடைத்தரகர் விளக்கத்துக்கு எதிரான வலுவான சான்றைத் தருவது கிர்க்லண்ட் பந்துதான். அந்த அலையில் வந்த பந்துகளில் மிக மலிவாக, டஜன் 15 டாலர் என்ற கணக்கில் விற்ற அது, இணையவழி நேரடி நிறுவனத்தின் பந்து அன்று. ஒரு கடையின் பந்து. காஸ்ட்கோ உறுப்பினர் கட்டணம் வாங்கிக்கொண்டு, தன் சொந்தப் பெயர்ப் பண்டங்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கு மேல் இலாபம் ஏற்றுவதில்லை என்ற கொள்கையில் நடக்கும் கடைத்தொடர். இடையில் நிற்பவரை ஒழித்தால்தான் விலை குறையும் என்றால், இடையில் நிற்பவரே இன்னும் குறைந்த விலைக்கு விற்றதற்கு விளக்கம் இல்லாமல் போகும். நேரடி நிறுவனங்கள் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே அஞ்சலில் அனுப்ப வேண்டியிருந்தது, விளம்பரத்துக்கும் செலவிட வேண்டியிருந்தது. வைஸ் நிறுவனம் ஐந்து டஜன் சேர்த்து வாங்குபவருக்கு விலையைக் குறைத்ததே அஞ்சல் செலவின் அழுத்தத்தைக் காட்டும்.

கிர்க்லண்ட் பந்து சுயாதீனச் சோதனைகளில் முன்னணிப் பந்துகளுக்கு நெருக்கமாக நின்றது என்ற செய்தி பரவியதும், கையிருப்பு சில வாரங்களில் தீர்ந்தது. பிறகு பல மாதங்களுக்குக் கடையில் அது கிடைக்கவே இல்லை. இணைய ஏலங்களில் அதே பெட்டி இரு மடங்கு விலைக்குக் கைமாறியது. அப்பந்தைச் செய்தது தென்கொரியாவின் நாசாவ் ஆலை. ஆலையின் எஞ்சிய திறனைக் கொண்டு செய்யப்பட்ட சரக்கு என்பதால்தான் அவ்விலை கிட்டியது என்ற விளக்கம் அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. விளக்கம் முழுதும் சரியோ அன்றோ, பிறர் ஆலையின் ஓய்வு நேரத்தை நம்பிய மலிவு நிலையானதன்று என்பதைச் சரக்கு மறைந்த விதமே காட்டியது. காஸ்ட்கோ பின்னர் வேறு கட்டமைப்பு கொண்ட மூன்றடுக்குப் பந்துக்கு மாறியது.

அகுஷ்நெட் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தன் 11 காப்புரிமைகள் மீறப்பட்டதாகவும், முன்னணி நிறுவனங்களின் தரத்துக்கு நிகரானது அல்லது மேலானது என்று கிர்க்லண்ட் பண்டங்களுக்குக் காஸ்ட்கோ தரும் உறுதிமொழி தவறான விளம்பரம் என்றும் கடிதம் அனுப்பியது. காஸ்ட்கோ 2017 மார்ச்சில் சியாட்டில் நகரக் கூட்டரசு நீதிமன்றத்துக்குத் தானே சென்று, தன்மீது குற்றமில்லை என்று அறிவிக்கக் கோரியது. அகுஷ்நெட் அவ்வாண்டு ஆகஸ்டில் எதிர்வழக்குத் தொடுத்தது. 2018இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. இவ்வழக்கில் காப்புரிமைச் சச்சரவைவிடக் கவனத்துக்குரியது அந்த இரண்டாவது குற்றச்சாட்டு. பெயர்பெற்ற நிறுவனம் அஞ்சியது, தன் பந்தைப் போலச் செய்துவிட்டார்கள் என்பதற்காக மட்டும் அன்று. தன் பந்தோடு ஒப்பிடத்தக்கது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள் என்பதற்காகவும்தான். அவ்வாறு ஒப்பிடுவதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்று இருந்தாக வேண்டும்.

4. மேல்வரம்பும் கீழ்வரம்பும்

கோல்ஃபில் அந்த அளவுகோல் விளையாட்டு விதிகளிலேயே இருக்கிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று வகுத்துள்ளன. பந்து கிளம்பும் வேகத்துக்கும், இயந்திர மட்டையால் அடித்தால் அது செல்லும் மொத்தத் தொலைவுக்கும் வரம்பு உண்டு. விதிக்கு உட்பட்ட பந்துகளின் பட்டியல் மாதந்தோறும் வெளியிடப்படுகிறது. நேற்றுத் தொடங்கிய நிறுவனமும் மாதிரிகளை அனுப்பிக் கட்டணம் செலுத்திச் சோதனையில் தேறினால், புரோ வி1 இடம்பெறும் அதே பட்டியலில் இடம்பெறலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தரச்சான்று போலத் தோன்றும். உண்மையில் அது அதற்கு நேர்மாறானது. பட்டியல், ஒரு பந்து நல்ல பந்து என்று சொல்வதில்லை. அளவுக்கு மீறி நல்லதாக இல்லை என்று மட்டுமே சொல்கிறது. பந்து செல்லும் தொலைவுக்கு விதி மேல்வரம்பு இட்டிருக்கிறது. கீழ்வரம்பு ஏதும் இல்லை. இந்த மேல்வரம்பின் பொருளியல் விளைவு போதிய கவனம் பெறவில்லை. முன்னணி நிறுவனத்தின் பந்து வரம்பை எப்போதோ தொட்டுவிட்டது. அதற்கு மேல் எத்தனை கோடி டாலர் ஆராய்ச்சியில் கொட்டினாலும் தொலைவை நீட்ட விதி இடம் தராது. பின்னால் வருபவருக்கோ எட்ட வேண்டிய இலக்கு அசையாமல் நிற்கிறது. ஆண்டுதோறும் இடைவெளி குறைந்துகொண்டே வந்து, வாரக் கடைசியில் ஆடுபவரால் உணர முடியாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்நிலையில் அதிக விலைக்குக் காரணமாக எஞ்சுபவை, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தரப்படும் பணமும், ஒரே பெட்டியின் 12 பந்துகளும் ஒன்றுபோல் இருக்கும் என்ற நம்பிக்கையும்தான். இந்த இரண்டாவது காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மையம் சற்று விலகிய பந்து நேராக உருளாது, ஒப்பந்த ஆலையின் சரக்கில் அந்தச் சீர்மையைக் காப்பது கடினம்.

இதற்கு எதிரான வகை, கீழ்வரம்பு இடும் தர அளவு. இத்தனைக்குக் குறையக் கூடாது என்று சொல்லும் சட்டம் அது. மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் இவ்வகைத் தர அளவே உண்டு. மேல்வரம்பு இருக்கும் சந்தையில் மலிவுப் பண்டம் மேலேறி வந்து உயர்ந்த பண்டத்தைத் தொடுகிறது. கீழ்வரம்பு இருக்கும் சந்தையில் எல்லாப் பண்டங்களும் இறங்கி வந்து அந்த வரம்பில் நிற்கின்றன. பெயரின் விலை இரண்டிலுமே சரிகிறது. ஆனால் அந்தச் சரிவின் சுமை யார்மேல் விழுகிறது என்பதில் இவை முற்றிலும் வேறுபடுகின்றன.

5. சத்திரப்பட்டித் துணி

ராஜபாளையத்தின் நவீனத் தொழில் வரலாறு, பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸோடு தொடங்குவதாகக் கொள்ளலாம். மூன்றாண்டுகளில், 1939இல், ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தோன்றியது. மருத்துவப் பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் தனியே ஓர் ஆலையை ஒரு சிற்றூரில் அன்று தொடங்கியது துணிச்சலான முடிவு. காலப்போக்கில் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியும் அதைச் சுற்றிய ஊர்களும் விசைத்தறிகளால் நிறைந்து, பேண்டேஜ், காஸ் துணி நெசவுக்கு நாடறிந்த இடமாயின. இங்கு நெய்யும் துணி பிற மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கிறது. பொட்டலத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வாங்கி விற்கும் நிறுவனத்தின் பெயர். கோல்ஃபில் கொரிய ஆலைக்கு உரிய இடம் மருத்துவத் துணியில் சத்திரப்பட்டிக்கு உரியது என்று சொல்வது மிகையாகாது.

வேலையின் வரிசை எளிமையானது. பாவு ஓட்டிய நூல் தறியேறிக் கோராத் துணியாக இறங்குகிறது. சலவைப் பட்டறையில் எண்ணெய்ப்பசையும் கஞ்சியும் நீங்கி வெளுப்பாகிறது. பிறகு வெட்டுமேசையில் குறித்த அகலத்துக்கு நறுக்கப்பட்டுச் சுருளாகச் சுற்றப்படுகிறது. சுற்றும் வேலையிலும் பொட்டலமிடும் வேலையிலும் பெண்களே மிகுதி. வெளியார் கண்ணுக்கு ஒரு சுருளுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு தெரியாது. தொழில் அறிந்தவர் துணியைச் சன்னலொளியில் விரித்துப் பிடித்தாலே பாவிலும் ஊடையிலும் எத்தனை இழை குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இழையைக் குறைத்தால் நூல் மிச்சம், நூல் மிச்சமானால் விலை குறையும். குறைந்த இழைத் துணி புண்ணின் கசிவைத் தாங்காது.

இந்தக் குறைப்பைத் தடுப்பதற்காகவே மருந்து, அழகுப்பொருள் விதிகளும் இந்திய மருந்தளவு நூலும் கீழ்வரம்புகளை வகுத்துள்ளன. குறித்த நீளத்தில் பாவிழை, ஊடிழை எத்தனை, ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எவ்வளவு, நீரை எவ்வளவு விரைவாக உறிஞ்சுகிறது என்பவை அளக்கப்படுகின்றன. மருத்துவப் பஞ்சை நீரின்மேல் போட்டால் 10 நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது அவற்றுள் மிக எளிய சோதனை. சரியாக வெளுக்காத பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளும், கீழ்நிலை இடர் கொண்ட கருவிகளுக்கும் 2022 அக்டோபர் 1 முதல் உரிமத்தைக் கட்டாயமாக்கிய ஏற்பாடும் அந்தக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கின.

பெயரை நம்பாமல் சோதனையை நம்பி வாங்கும் முறையை மிகப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கப்பட்டு 1995 முதல் செயல்படும் இக்கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளையும் அறுவைப் பொருள்களையும் வணிகப் பெயரால் அன்றிப் பொதுப் பெயராலேயே, ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. வந்த சரக்கிலிருந்து எடுத்த மாதிரிகள், செய்தவர் யார் என்பதை மறைத்துக் குறியீட்டெண் இட்டு, ஆய்வகங்களுக்கு அனுப்பப்படுகின்றன. கோல்ஃப் பந்து ஆர்வலர்கள் 2016இல் கண்டறிந்ததாக வியந்த உண்மை, அதாவது பெயரை மறைத்துவிட்டுச் சோதித்தால் விலை வேறுபாட்டில் பெரும்பகுதிக்குக் காரணம் இல்லாமல் போகிறது என்பது, சென்னையில் அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே அரசாணையாக நடைமுறையில் இருந்தது. அரசுக் கொள்முதல் ஏற்பாடுகளைப் பற்றி வாய்ப்பு நேரும்போதெல்லாம் குறை சொல்பவர்கள்கூட இந்த ஒன்றை விதிவிலக்காகக் கொள்வதுண்டு.

ஆயினும் கீழ்வரம்பின் மறுபக்கம் சத்திரப்பட்டியில்தான் தெரிகிறது. தர அளவைத் தாண்டிய நெசவுக்கு ஒப்பந்தப்புள்ளியில் கூடுதல் விலை கிடையாது. வரம்பைத் தொட்டவர்களுள் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. நூல் விலை ஆலைகளின் கையில், துணியின் விலை வாங்குபவரின் கையில்; நடுவில் தறிக்காரர் சுருக்கக்கூடியது கூலியை மட்டுமே. சத்திரப்பட்டி வட்டார விசைத்தறித் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்ததையும், நூல் விலை ஏறிய காலங்களில் உற்பத்தியாளர்களே தறிகளை நிறுத்தியதையும் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

6. தள்ளுபடி என்னும் தோற்றம்

பொதுவான அளவுகோல் இல்லாத இடத்தில் நேரடி விற்பனை என்ன வடிவம் எடுக்கும் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கும் சிவகாசி விடை தருகிறது. அவ்வூரின் இரு தொழில்கள் இதில் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

தீப்பெட்டியின் கதை சுருக்கமானது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி 1923இல் சிவகாசியில் தீக்குச்சி செய்யத் தொடங்கினர். ஸ்வீடன் நாட்டு மூலதனத்தில் விம்கோ என்னும் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் இறங்கியதும் அதே ஆண்டில்தான். இயந்திரமும் பெயரும் கொண்ட விம்கோவை, கைவேலையும் எண்ணற்ற லேபிள்களும் கொண்ட சிவகாசி வட்டாரம் காலப்போக்கில் மிஞ்சியதற்குச் சிறு ஆலைகளுக்குக் கிடைத்த கலால் வரிச் சலுகை பெருங்காரணம். அதோடு, பண்டத்தின் விலை ஒரு நாணயத்தோடு கட்டுண்டு கிடந்ததால் பெயருக்காக ஒரு காசுகூடக் கூடுதலாகக் கேட்க விம்கோவால் முடியவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானபோது, குச்சிகள் 36இலிருந்து 50ஆகக் கூடின. வாங்குபவர் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரே தரம் அதுதான்.

பட்டாசில் அப்படி எண்ணிப் பார்க்க ஏதுமில்லை. பெட்டியில் அச்சிட்ட விலையிலிருந்து 80 விழுக்காடு, 90 விழுக்காடு தள்ளுபடி என்று அறிவித்து, ஆலை விலைக்கே நேரடியாகத் தருவதாகச் சொல்லும் விலைப்பட்டியல்கள் தீபாவளிக்குப் பல வாரங்கள் முன்பே வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். கோல்ஃப் பந்தின் நேரடி விற்பனையாளர் தம் விலையைப் புரோ வி1 என்னும் வெளி விலையோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார். அந்த வெளி விலை உண்மையில் சிலர் கொடுத்து வாங்கும் விலை. பட்டாசுப் பட்டியலோ யாரும் ஒருநாளும் கொடுத்திராத விலையோடு தன்னையே ஒப்பிட்டுக்கொள்கிறது. இங்கும் தர அளவு இல்லாமல் இல்லை: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒலி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999 முதல் உள்ள விதி. அதுவும் ஒரு மேல்வரம்பே. ஆனால் வாங்குபவர் தேடுவது புஸ்வாணம் எத்தனை நொடி பூக்கிறது, வானவெடி எத்தனை நிறம் காட்டுகிறது என்பதை. அதை அளந்து சொல்லும் பட்டியல் ஏதுமில்லை. மேல்வரம்பு பெயரின் விலையைக் கரைக்க வேண்டுமானால், அது வாங்குபவர் ஒப்பிட விரும்பும் குணத்தின் மீதே விழ வேண்டும் என்ற திருத்தத்தை முன்சொன்ன வாதத்தோடு சேர்க்கப் பட்டாசு கட்டாயப்படுத்துகிறது.

பட்டாசை இணையத்தில் நேரடியாக விற்கும் வழியைச் சட்டமும் அடைத்துள்ளது. அர்ஜுன் கோபால் வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் பெறுவதையும் விற்பதையும் தடை செய்தது. அதன் பிறகு சிவகாசிக் கடைகளின் இணையப் பக்கங்கள் ஒரு புதிய நடையைக் கண்டுபிடித்தன. நீதிமன்ற உத்தரவின்படி இணைய விற்பனை கிடையாது என்று முதலில் அறிவித்துவிட்டு, வேண்டியவற்றைக் கூடையில் சேர்த்து விசாரணையாக அனுப்பினால் தொலைபேசியில் தொடர்புகொள்வதாக அவை சொல்கின்றன. விற்பனை, விசாரணை என்று பெயர் மாறியது. பார்சல் லாரியில் வெடிமருந்தை அனுப்புவதன் ஆபத்தோ மாறவில்லை.

பால்கோவாவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டாள் கோயிலுக்கும் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கும் வருபவர் கடைவாசலில் ஒரு விள்ளல் வாயிலிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அரைக்கிலோ கட்டச் சொல்கிறார். தரத்தை அளக்கும் கருவி அவரிடமே இருப்பதால் அவ்விடத்தில் பெயருக்குத் தனி விலை அதிகம் இல்லை. சரக்கு ஊரைவிட்டு வெளியேறி, தொலைவிலுள்ள பேருந்து நிலையங்களில் விற்கத் தொடங்கும்போதுதான் ஊர்ப்பெயருக்கு விலையும் போலியும் ஒருசேரப் பிறக்கின்றன. 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு அந்தப் போலிக்கு எதிரான ஏற்பாடு. ஆயினும் அது இடத்தையும் செய்முறையையும் காக்கிறதே ஒழிய, இந்தக் கடையா அந்தக் கடையா என்ற கேள்விக்கு விடை சொல்வதில்லை.

7. செய்பவரின் பங்கு

நேரடி விற்பனையைப் போற்றும் எழுத்துகளில் அடிக்கடி வரும் இன்னொரு கருத்து, அது உற்பத்தியாளரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கிறது என்பது. கோல்ஃப் பந்தின் வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. இணையத்தில் நேரடியாக விற்றவர்கள் வடிவமைப்பாளரும் வழக்கறிஞர்களும். வார்த்துக் கொடுத்த ஆலை பெட்டியில் ஒரு நாட்டின் பெயராக மட்டுமே எஞ்சியது. ஆலையே தன் பெயரில் முன்வந்த அரிய சான்று தென்கொரியாவின் வால்விக். பளிச்சிடும் வண்ணப் பந்துகளால் அறியப்பட்ட அந்நிறுவனத்தின் பந்தில் பப்பா வாட்சன் 2017இல் ஆடத் தொடங்கினார். அவ்வாண்டே பழைய நிறுவனத்துக்குத் திரும்பிவிட்டார். வால்விக் தேர்ந்துகொண்ட வழி விலைக்குறைப்பு அன்று, நிறம். விதியின் மேல்வரம்புக்கு உட்படாத ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் செய்பவரால் பெயரெடுக்க முடிந்தது.

சத்திரப்பட்டிக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. கோல்ஃப் பந்தின் மேல் செய்த ஆலையின் பெயர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியச் சட்டமோ கட்டுத்துணிப் பொட்டலத்தில் செய்தவரின் பெயரையும் முகவரியையும் உரிம எண்ணையும் அச்சிடச் சொல்கிறது. சிறிய எழுத்திலேனும் ஊரின் பெயர் ஒவ்வொரு சுருளோடும் செல்கிறது. ஆனால் நிறத்தைப் போல வரம்புக்கு வெளியே நிற்கும் குணம் கட்டுத்துணியில் எது என்பது எளிதில் விடை காணும் கேள்வி அன்று. கிருமிநீக்கம் செய்து தனித்தனியே உறையிட்ட காஸ், பிசின் தடவிய கட்டு, புண்ணில் ஒட்டாத துணி ஆகியவை அத்தகைய குணங்கள். அவற்றுக்கு வேண்டிய முதலீடு பத்துத் தறி வைத்திருப்பவரிடம் இல்லை, ஆலைகளிடம் இருக்கிறது. எனவே தறிக்காரருக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய மாற்றம் இணையக் கடையில் இருந்து வருவதைவிடக் கொள்முதல் விதியிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஒப்பந்தக் காலத்துக்குள் நூல் விலை ஏறினால் துணி விலையும் அதற்கேற்ப ஏறும் என்ற விதி, இழை எண்ணிக்கை வரம்பைவிடக் கூடுதலாக உள்ள துணிக்கு மதிப்பெண், ஒப்புக்கொண்ட கூலி தரப்படுகிறது என்பதற்குச் சான்று ஆகிய மூன்றும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இடம்பெறத்தக்கவை. இவற்றில் முதலாவது கட்டுமானப் பணிகளின் அரசு ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக அறிமுகமான ஏற்பாடுதான். சிமென்ட், இரும்பு விலைக்கு ஒப்புக்கொண்ட ஒன்றைப் பருத்தி நூலுக்கு மறுப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.